ஏரிக்குள் பொக்லைன் இறங்கும் முன்: ஓர் ஏரியை மீட்க முழுமையான வழிகாட்டி

ஏரியைச் சீரமைக்கலாம் என்று ஊரில் கூட்டம் போட்டால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பொக்லைன் மணிக்கு எவ்வளவு?" பணம் கொடுக்க ஒரு கம்பெனி முன்வந்திருக்கும். மார்ச் 31-க்குள் செலவுக் கணக்குக் கேட்டிருப்பார்கள். அதனால் நாளைக்கே வெட்ட ஆரம்பிக்கலாம் என்பார்கள். அப்படி ஆரம்பித்த சில ஏரிகளை இரண்டு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்திருக்கிறேன். கிணறு மாதிரி ஒரு பள்ளம், நடுவில் ஒரு மண்மேடு, சுற்றிலும் நடைபாதை, வாசலில் பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை.

இங்கே எழுதுவது செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் மழையை நம்பியிருக்கும், ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் சங்கிலித் தொடர் ஏரிகளை மனத்தில் வைத்து. கணக்குக்காக 62 ஏக்கர், அதாவது சுமார் 25 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஓர் ஏரியை எடுத்துக்கொள்கிறேன். நான் அதிக நாள் சேறு மிதித்தது அதில்தான். தென்மாவட்டக் கண்மாய்க்கும் வேலையின் வரிசை இதேதான். எண்கள் மட்டும் மாறும்.

கால வரிசை இப்படி: ஓர் ஐப்பசி, கார்த்திகையில் பார்ப்பது. தையிலிருந்து சித்திரை வரை காகிதமும் கணக்கும். வைகாசியிலிருந்து ஆவணிக்குள் மண்வேலை. அடுத்த ஐப்பசியில் சோதனை. ஒரு வருடம் தள்ளிப்போகிறதே என்று பணம் கொடுப்பவர் முகம் சுளிப்பார். அந்த ஒரு வருடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

கிராம வரைபடம், ஏரிக்கும் அதைச் சுற்றியுள்ள சர்வே எண்களுக்கும் உரிய புல வரைபடம், எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் ஏ-பதிவேட்டின் நகல். மேடு பள்ளம் காட்டும் டோபோஷீட் வரைபடம் ஒன்று. கூகுள் எர்த்தில் பின்னோக்கிப் போய் எடுத்த பழைய படங்கள்; மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு போதும்.

மட்டம் பார்க்க ஆட்டோ லெவல் கருவி வேண்டும். சிறிய தூரங்களுக்கு மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். தண்ணீரின் உப்புத்தன்மையைப் பார்க்க ஒரு கை மீட்டர்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானவர் ஊரின் பழைய நீர்க்கட்டி. சில ஊர்களில் மடைக்காரர், நீர்ப்பாய்ச்சி என்பார்கள். வேலை போய் இருபது வருடம் ஆகியிருக்கலாம். எந்த மழைக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் முதலில் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவருக்கு நாள் சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போங்கள். ஊருக்காக இலவசமாக வரட்டும் என்று நினைப்பது முதல் தவறு.

2. ஏரி யாருடையது, எல்லை எங்கே

ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் வயல்பரப்பு) 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். சரணாலயம் என்றால் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். யாரிடம் மனு போட வேண்டும் என்பது இதை வைத்துத்தான் முடிவாகும். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்த குழுக்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

2017-இல் வந்த மத்திய சதுப்புநில விதிகள் நம் ஏரிக்குப் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அந்த விதிகளின் வரையறை பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை வெளியே வைத்துவிடுகிறது. ஆகவே சாதாரணப் பாசன ஏரிக்கு உங்கள் பிடிமானம் வருவாய்த் துறை ஆவணம்தான். நீர்வளத் துறையின் ஏரி என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் துணைக்கு வரும்.

சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகே மற்றதெல்லாம். ஏரிக்குள்ளேயே பட்டா நிலம் இருப்பதும் உண்டு. தண்ணீர் நின்றால் மூழ்கும், வற்றினால் உழுவார்கள். அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆவணத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஏரியை மட்டும் அளந்து, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை அளக்காமல் விடுவதுதான் இந்தப் படியில் நான் அதிகம் பார்க்கும் பிழை. கால்வாய்க்கும் சர்வே எண் உண்டு, அகலம் உண்டு. அதையும் சேர்த்தே மனுவில் கேளுங்கள்.

3. ஒரு மழைக்காலம் முழுக்க நடந்து பாருங்கள்

காய்ந்த ஏரியில் நின்று தண்ணீரைப் பற்றிப் பேசினால் எல்லாமே ஊகம்தான். மழை பெய்யும்போது போனால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் ஏரிக்கு வரும் வரத்துக்கால் ஓரிடத்தில் தார்ச் சாலையைக் கடக்கிறது. வரைபடத்தில் ஒரு சிறுபாலம். நேரில் பார்த்தாலும் நல்ல சிமென்ட் குழாய், அடைப்பு எதுவும் இல்லை. ஐப்பசி மழையில் நீர்க்கட்டி எங்களை அங்கே கூட்டிப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, காலால் குழாயின் அடி விளிம்பைத் தடவினார். "ஒரு முழம் தூக்கி வச்சுட்டாங்க" என்றார். சாலையை உயர்த்தியபோது குழாயையும் உயர்த்திவிட்டார்கள். தண்ணீர் ஒரு முழம் ஏறினால்தான் குழாய்க்குள் போகும். அதற்குள் அது இடது பக்கம் சாய்ந்து காலி மனைகளுக்குள் பரவி, அங்கிருந்து சாலையோரச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏரி பத்து வருடமாக நிரம்பாததற்குக் காரணம் தூர் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது!

பார்க்க வேண்டியவை: ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் குழாயின் அடிமட்டம், தண்ணீர் கால்வாயைவிட்டு விலகும் இடங்கள், மேல் ஏரியின் கலங்கலில் (உபரிநீர் வழியும் இடத்தில்) எந்த நாளில் தண்ணீர் வழியத் தொடங்குகிறது, நம் ஏரியில் எந்தப் பக்கம் கடைசியில் வற்றுகிறது, எங்கே என்ன பறவை இறங்குகிறது. நீர்மட்டத்தைப் படிக்க மதகுத் தூணில் பெயின்டால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை ஒரு படம் போதும்.

4. தண்ணீர்க் கணக்கு

இதற்கு இன்ஜினியர் பட்டம் வேண்டாம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10 கன மீட்டர் தண்ணீர். அவ்வளவுதான் சூத்திரம்.

நம் ஏரியின் நீர்ப்பிடிப்பு, அதாவது மழைநீர் அதற்கு ஓடிவரும் நிலப்பரப்பு, 500 ஹெக்டேர் என்று வையுங்கள். வடகிழக்குப் பருவத்தில் சுமாரான ஆண்டில் 500 மில்லிமீட்டர் பெய்கிறது. மொத்தம் 25 லட்சம் கன மீட்டர். இதில் மண்ணும் பயிரும் குடித்தது போக ஓடி வருவது 15 சதவீதம் என்று வைத்தால் 3,75,000 கன மீட்டர். தரை வாகு, மழையின் வேகம் பொறுத்து இந்த விகிதம் ஏறும், இறங்கும். 10 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

இப்போது ஏரியின் கொள்ளளவு. 25 ஹெக்டேர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். அதுவும் 3,75,000 கன மீட்டர்தான். சுமாரான ஆண்டில் ஒருமுறை நிரம்பும் ஏரி இது.

இதில் இன்னொரு மீட்டர் ஆழப்படுத்தினால் என்ன ஆகும்? கொள்ளளவு 6,25,000 ஆகும். வருகிற தண்ணீர் அதே 3,75,000. அந்த ஒரு மீட்டர் மண் 2,50,000 கன மீட்டர், மூன்று யூனிட் (300 கன அடி) டிப்பரில் ஏறக்குறைய 29,000 நடை. அவ்வளவு செலவும் காலியாகக் கிடக்கப்போகும் இடத்துக்காக. ஆழப்படுத்தலாமா என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். கோடையை ஒட்டிய நான்கு மாதத்தில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 72 சென்டிமீட்டர் போய்விடும். பாசனத்துக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு என்பதையும் கழித்தால் வைகாசியில் மிஞ்சுவது தெரியும். மிஞ்சாது என்றால் அதற்கேற்ற திட்டம் போட வேண்டும்.

சங்கிலி ஏரிகளில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. மேல் ஏரி நிரம்பி வழிந்தால்தான் உங்களுக்கு அதன் தண்ணீர் வரும். மேல் ஏரியின் நீர்ப்பிடிப்பையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, பெரிய எண்ணைப் பார்த்து மகிழாதீர்கள்.

5. நோக்கத்தை உயரங்களில் எழுதுங்கள்

"பல்லுயிர் பெருக வேண்டும், நிலத்தடி நீர் உயர வேண்டும், விவசாயம் செழிக்க வேண்டும்." இப்படி எழுதிய திட்ட அறிக்கையை வைத்து பொக்லைன் ஓட்டுநர் என்ன செய்வார்? அவருக்குத் தேவை மட்டம்.

மூன்று மட்டங்களை முதலில் குறியுங்கள்: கலங்கல் மட்டம், மதகின் அடிமட்டம், ஏரியின் மிகத் தாழ்ந்த இடம். கலங்கலுக்கும் மதகடிக்கும் இடையே உள்ளதுதான் வயலுக்குப் பாயும் தண்ணீர். மதகடிக்குக் கீழே எவ்வளவு வெட்டினாலும் அது வாய்க்காலில் ஏறாது; மீனுக்கும் மாட்டுக்கும் மட்டும்தான். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு வேண்டும் என்று தெரிந்து வெட்டுங்கள்.

பறவைக்கும் இதே மட்டக் கணக்குதான். உள்ளான் போன்ற கரைப்பறவைகள் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இரை தேடும். கொக்கு, நாரை கொஞ்சம் ஆழத்தில் நிற்கும். கரைச்சரிவு இரண்டுக்கு ஒன்று என்று செங்குத்தாக இருந்தால் 20 சென்டிமீட்டர் ஆழம்வரை உள்ள பட்டை வெறும் 40 சென்டிமீட்டர் அகலம். முப்பதுக்கு ஒன்று என்று சாய்த்தால் அதே பட்டை 6 மீட்டர். தண்ணீர் வற்ற வற்ற அந்தப் பட்டையும் உள்நோக்கி நகர்ந்துகொண்டே போகும். மாசி, பங்குனி வரை பறவைக்குத் தீனி இருக்கும். ஏரிக்குள் தண்ணீர் வந்து நுழையும் மேல்பக்கத்து ஆழமில்லாத பகுதியை "வீணாகக் கிடக்கிறது" என்று வெட்டி எறிபவர்கள் ஏரியின் உயிருள்ள பாதியைத்தான் எறிகிறார்கள்.

6. கழிவுநீரை முதலில் கையாளுங்கள்

மேலே புதிய நகர்கள் வந்துவிட்ட ஏரி என்றால் இதைத் தள்ளிப்போட வழியில்லை. ஆயிரம் வீடு, வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்றால் நாளுக்கு 400 கன மீட்டர். வருடத்துக்கு 1,46,000. நம் ஏரியின் கொள்ளளவில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம்! ஏரி வற்றாமல் இருக்கிறதே என்று சந்தோஷப்படும் ஊர்களில் பலவற்றுக்கு இதுதான் ரகசியம்.

ஆகாயத்தாமரையை அள்ளுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். சத்து வந்துகொண்டிருக்கும்வரை அது திரும்ப மூடும். முதலில் கழிவுநீர் நுழையும் வாய்களை எண்ணுங்கள். விடியற்காலையிலும் காலை எட்டு மணிக்கும் போய்ப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வீட்டுக் கழிவு. பாதாளச் சாக்கடைக்குத் திருப்ப முடிந்தால் அதுதான் சிறந்தது. முடியாவிட்டால் ஏரிக்கு வெளியே ஒரு படிவுக் குட்டை, அதையடுத்துக் கோரையும் சம்பும் வளரும் ஒரு வடிகட்டும் படுகை. இவற்றை நீர்ப்பரப்புக்குள் கட்டாதீர்கள். முதல் வெள்ளத்தில் படிந்த கசடு முழுதும் ஏரிக்குள் போய்விடும்.

குப்பையைப் பிடிக்கக் கம்பி வலை போடுவீர்கள். அதை யார், எந்த நாளில் சுத்தம் செய்வார் என்று ஒரு பெயர் இல்லாவிட்டால் போடாதீர்கள். அடைத்த வலை அணைக்குச் சமம்; மேலே வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும், ராத்திரியோடு ராத்திரியாக யாராவது அறுத்து எறிவார்கள்.

7. கால்வாய் வேலை: கீழிருந்து மேலே

எல்லோரும் வரத்துக்காலில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் கலங்கலுக்குக் கீழே உள்ள உபரிநீர்க் கால்வாயில் ஆரம்பியுங்கள். காரணம் எளிது. வரும் வழியைத் திறந்துவிட்டு, போகும் வழி அடைபட்டுக் கிடந்தால் முதல் பெருமழையில் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு போகும். பத்து வருடமாகத் தண்ணீரையே பார்க்காத கரை அது.

ஆகவே வரிசை: உபரிநீர்க் கால்வாய், கலங்கல், மதகு, கரை, கடைசியில் வரத்துக்கால். பணம் பாதியில் தீர்ந்துபோனாலும் இந்த வரிசையில் செய்தால் யாருக்கும் ஆபத்தில்லை.

கலங்கலின் மேல் மணல் மூட்டை அடுக்கி அரை அடி கூடுதலாகத் தேக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்த அரை அடி மேலே இருப்பவரின் வயலிலும் வீட்டு வாசலிலும் நிற்கும். நீர்மட்டத்துக்கு மேல் கரைக்கு விட்டிருக்கும் பாதுகாப்பு உயரத்தையும் தின்னும். எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வரத்துக்காலில் குறுக்குக் குழாய்களின் அடிமட்டத்தை எழுதி, சரியான மட்டத்தைக் குறித்து, சாலை யாருடையதோ அந்த அலுவலகத்தில் கொடுங்கள். கூடவே படமும் வையுங்கள், மழையில் எடுத்தது. வெயிலில் எடுத்த படத்தைப் பார்த்து ஒருவரும் எழுந்து வரமாட்டார்.

8. சீமைக்கருவேலம்

வெட்டினால் போகாது, வேர்க்கழுத்திலிருந்து நாலு கிளையாகத் தழையும். தரைக்கு ஒரு முழம் கீழே வரை வேரோடு எடுக்க வேண்டும். நீர்ப்பரப்புக்குள் இயந்திரத்தால் பிடுங்கலாம். கரையில் அப்படிச் செய்யாதீர்கள்: வேர் வரும்போது கரையும் பெயர்ந்து வரும். அங்கே கடப்பாரையால் வேர்க்கழுத்தைச் சுற்றித் தோண்டி அறுத்து, குழியைக் களிமண்ணால் அடுக்கடுக்காக இடித்து மூடுங்கள்.

மரத்தின் மதிப்பீடு, ஏலம், பணம் எந்தக் கணக்கில் போகிறது என்பதை முதலிலேயே எழுத்தில் முடித்துவிடுங்கள். கரி மூட்டம் போடுபவர்களுக்கு இது நல்ல சரக்கு. சண்டை வருவது இங்கேதான்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்கவும் வேண்டாம். கூடு கட்டும் கொக்குகளும் நாரைகளும் இருந்தால் அந்தத் திட்டை மட்டும் விட்டுவைத்து, நாட்டு மரங்கள் தலைதூக்கிய பிறகு எடுக்கலாம். அப்புறம், மண்ணில் கிடக்கும் விதை. ஆடும் மாடும் காயைத் தின்று சாணியில் போட்டதெல்லாம் முதல் மழையில் முளைக்கும். ஈர மண்ணில் கையால் பிடுங்க ஒன்றரை மாதம்தான் அவகாசம். அதற்கான ஆள் கூலியை இப்போதே ஒதுக்குங்கள். இரண்டாம் வருடமும், மூன்றாம் வருடமும்.

9. மண்: முதலில் குழி, பிறகு வெட்டு

ஏரியில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் அடியில் உள்ள களி அடுக்கு. அதைக் கிழித்துவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் மணல் வழியாக இறங்கிவிடும். எவ்வளவு கனம் என்பது வெளியே தெரியாது. ஆகவே ஹெக்டேருக்கு ஒன்று என்று இருபத்தைந்து சோதனைக் குழி எடுங்கள், ஆள் உயரத்துக்கு.

குழியின் சுவரைப் பாருங்கள். மேலே கருத்த வண்டல், வெடித்துச் சில்லுச் சில்லாக வரும். அதன் கீழே இறுகிய களி. ஈரமாக்கி உருட்டினால் முறுக்கு மாதிரி நீளும். அதற்கும் கீழே மணலோ, சுக்கான்கல்லோ, மொரம்போ. வெட்டு வண்டலோடு நிற்க வேண்டும். களிக்குள் போக நேர்ந்தால் மணலுக்கு மேல் குறைந்தது ஓர் அடிக் களி மிஞ்ச வேண்டும்.

சந்தேகம் இருந்தால் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் ஊறவிட்டு மறுபடி நிரப்பி, ஆணி அடித்து மட்டம் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு. மறுநாள் பக்கெட்டில் குறைந்தது வெயில் குடித்தது. குழியில் கூடுதலாகக் குறைந்தது மண் குடித்தது. இந்த ஒரு பக்கெட் சோதனை எங்களுக்கு ஏரியின் வடமேற்கு மூலையைக் காட்டிக்கொடுத்தது. அங்கே களி ஒரு சாண்தான். அந்தப் பக்கம் இயந்திரம் போகவே கூடாது என்று சிவப்புத் துணி கட்டினோம்.

கிணறுகளுக்கு ஊற வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் கதை வேறு. அப்போதும் ஏரியைக் கிழிக்காமல் வரத்துக்காலோரம் தனிக் குட்டை வெட்டுங்கள்.

எப்படி வெட்டுவது: முழு ஏரியையும் சமமாகச் சுரண்ட வேண்டாம். களி தடித்த இடங்களில் இரண்டு மூன்று ஆழ்மடு, ஒவ்வொன்றும் ஓர் ஏக்கர் அளவில். கோடையில் விராலும் குறவையும் ஒதுங்க அவை போதும். அங்கிருந்து மேல்பக்கம் நோக்கி மெல்லிய சரிவு. ஓரங்கள் வளைந்து நெளிந்து போகட்டும். பொக்லைன்காரருக்கு நேர்கோடும் செங்குத்துச் சுவரும்தான் பிடிக்கும், அவரைக் குறை சொல்லவும் முடியாது, மண் அளவை வைத்துத்தான் அவருக்குக் கூலி. ஆகவே ஒப்பந்தத்தைக் கன அளவுக்குப் போடாதீர்கள். மணிக்கணக்கில் போட்டு, மட்டக் குச்சியோடு ஒருவர் கூடவே நில்லுங்கள்.

செங்குத்துச் சுவருள்ள மடுவில் மாடு இறங்கினால் ஏறாது; பிள்ளைகள் இறங்கினாலும் அப்படித்தான். ஒரு பக்கமாவது நடந்து ஏறும் சரிவு கட்டாயம்.

மேல் ஒரு சாண் சேற்றை ஏரியின் நல்ல மூலையிலிருந்து எடுத்துத் தனியே குவித்து வையுங்கள். அல்லிக் கிழங்கு, கொட்டி, கோரை எல்லாம் அதில் உறங்குகின்றன. வேலை முடிந்ததும் சரிவுகளில் திரும்பப் பரப்பலாம்.

வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் வழியாக அனுமதி வாங்கலாம். வயலுக்குப் போகும் முன் உப்பும் கார அமிலத் தன்மையும் பாருங்கள். தொழிற்சாலையோ நகரச் சாக்கடையோ கலந்த ஏரி என்றால் கன உலோகமும். வண்டல் பேரில் களியும் மணலும் லாரியில் போவதைத் தடுக்க, முதல் நாளே குழுவில் இருவருக்கு வாசல் பொறுப்பு.

10. கரை

கரையை உயர்த்த மண் வேண்டும் என்று கரையடியிலேயே தோண்டுவார்கள். அங்கே பள்ளம் விழுந்தால் கரை வழுக்கும், அடியில் ஊற்றும் எடுக்கும். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி எடுங்கள்.

பழைய கரையின் மேல் புது மண்ணை அப்படியே கொட்டினால் மழையில் தோல் உரிவதுபோல் வழியும். பழைய சரிவில் படி வெட்டி, ஒரு சாண் அடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டுங்கள். காய்ந்த மண்ணை எத்தனை முறை அழுத்தினாலும் இறுகாது.

நண்டு வளை, எலி வளை, கரையான் புற்று மூன்றையும் தோண்டி அடைத்த பிறகே உயர்த்தும் வேலை. கரை மேல் டைல்ஸ் நடைபாதைக்கு என் வாக்கு கிடையாது. கசிவு இருந்தால் கண்ணில் படாது.

11. நடவு

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீர்ப்பரப்புக்குள் அடர்காடு நடாதீர்கள். அது ஏரியின் இடம். கரையின் வெளிப்புறமும் எல்லையிலும் பனை, புங்கம், நாவல், நீர்மருது. ஆழமில்லாத பகுதியில் தாழ்ந்த திட்டுகளில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும்; வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும் நீர்க்கடம்பு தண்ணீரில் நின்றே வளர்வது. நீர்ச் செடிகளை விலைக்கு வாங்காதீர்கள். மட்டம் சரியாக இருந்தால் இரண்டாம் வருடம் தானே வரும். நர்சரி செடியோடு ஆகாயத்தாமரை குட்டி வந்து சேர்ந்த கதை எங்களுடையது.

சம்பு ஒரேயடியாகப் பரவினால் கழிவுநீர் இன்னும் வருகிறது என்று பொருள். ஆறாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

12. முதல் நிரப்பு

புதுக் கரை முதல் முறை நனையும்போதுதான் குறை தெரியும். மதகு திறந்து மூடும் நிலையில் இருக்க வேண்டும். கலங்கல் மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை வந்ததும் மதகைத் திறந்து சில நாள் அப்படியே நிறுத்தி, கரையின் பின்பக்கம் நடந்து பாருங்கள். தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கசிந்தால் குறித்துக்கொண்டு கவனியுங்கள். கலங்கிய தண்ணீர் கசிந்தால் கரையின் மண் கரைந்து வருகிறது; உடனே மட்டத்தை இறக்குங்கள், துறைக்குச் சொல்லுங்கள், கீழே உள்ள வீடுகளுக்கும்.

13. மீன்பாசி குத்தகையும் மேய்ச்சலும்

எல்லாம் நன்றாக நடந்து, பங்குனியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்த குத்தகைதாரர் மோட்டார் வைத்து மடுவை வற்றடித்து மீன் பிடித்தால் அத்தோடு முடிந்தது. குத்தகைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்: மடுவில் இந்தக் கோட்டுக்குக் கீழ் இறைக்கக் கூடாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது. அந்தக் கெளுத்தியை வளர்ப்பதற்கு நாட்டிலேயே தடை இருக்கிறது. ஏலத்தொகை கொஞ்சம் குறையலாம். குறையும் தொகையை யார் ஈடுகட்டுவது என்பதை ஏலத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

மாட்டை விரட்டாதீர்கள். கோரையும் சம்பும் அளவோடு இருப்பது அதனால்தான். நாற்று நட்ட திட்டுகளுக்கு மட்டும் வேலி.

14. ஏரியில் ஒரு துண்டை இழக்கத்தான் வேண்டும் என்றால்

சாலை, ரயில், குழாய்ப் பாதை என்று ஏதாவது வரும். முதல் கேள்வி வேறு வழி உண்டா என்பது. இல்லையென்றால் எவ்வளவு குறைவாகத் தொடலாம். மூன்றாவதுதான் ஈடு. பேச்சுவார்த்தை மூன்றாவதிலிருந்து தொடங்கினால் முதல் இரண்டையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஈடு கேட்கும்போது பரப்பை மட்டும் கேட்காதீர்கள். மூடும் மண் எந்த உயரத்திலிருந்து எந்த உயரம்வரை இடம் பிடிக்கிறதோ, அதே உயரத்துக்குள் வேறிடத்தில் இடம் தர வேண்டும். ஆழமில்லாத ஐந்து ஏக்கரை மூடிவிட்டு, இருக்கும் மடுவை இன்னும் ஆழமாக்கித் தருகிறோம் என்றால் வெள்ளக் கொள்ளளவும் கிடைக்காது, உள்ளானுக்கும் ஒன்றும் கிடைக்காது. இடம் அதே நீர்ப்பிடிப்புக்குள் இருக்க வேண்டும். ஏரியை மூடும் முன்பே வெட்டி, ஒரு மழைக்காலம் தண்ணீர் நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். சாலை ஏரியை இரண்டாகப் பிரித்தால் அடியில் தரை மட்டத்திலேயே குழாய்கள், இரு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்படி. அமெரிக்காவில் 2008-இல் வந்த ஈடுசெய்யும் விதிகள் குறைந்தது ஐந்து ஆண்டு கண்காணிப்பைக் கட்டாயமாக்கின. ஒப்பந்தத்தில் அதே ஐந்தை நீங்களும் கேளுங்கள்.

15. ஐந்து வருட நோட்டு

மொத்தப் பணத்தில் ஆறில் ஒரு பங்கை வேலை முடிந்த பின்னான வருடங்களுக்கு எடுத்து வையுங்கள். திறப்பு விழா முடிந்ததும் பணம் கொடுத்தவர் அடுத்த ஏரிக்குப் போய்விடுவார்.

எழுத வேண்டியது கொஞ்சம்தான்: வாரம் ஒருமுறை மதகுத் தூணின் நீர்மட்டம், மழை அளவு, மாதம் ஒருமுறை உப்புத்தன்மை, குறித்த நான்கு இடங்களிலிருந்து அதே திசையில் ஒரு படம், ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு சேர்த்து ஒரு பறவைக் கணக்கு. எங்கள் நோட்டு கலங்கல் பக்கத்து டீக்கடையில் ஒரு ஆணியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். கையெழுத்து பலவிதம், டீக்கறை ஒரேவிதம்.

மூன்றாம் வருடம் அந்த நோட்டில் ஒரு முரண்பாடு தெரிந்தது. மழை முந்தைய வருடத்தைப் போலவே பெய்திருந்தது, நீர்மட்டம் இரண்டு அடி குறைவு. எல்லோரும் கசிவைத் தேடிக் கரையைச் சுற்றி வந்தார்கள். நீர்க்கட்டி நேராகச் சாலைப் பக்கம் நடந்தார். கோடையில் சாலையை மறுபடி போட்டிருந்தார்கள். குழாய் மறுபடி ஒரு முழம் ஏறியிருந்தது. எங்களிடம் பழைய மட்டக் குறிப்பும் மழையில் எடுத்த படமும் இருந்ததால் இந்த முறை மனு ஒன்றரைப் பக்கம்தான். தை மாதத்தில் குழாயை இறக்கிவிட்டார்கள்.